ஸ்பானிய எழுத்துகளைத் தமிழ் வழியாகப் படிப்போம்

ஸ்பானியம் கற்கத் தொடங்கும் தமிழர்கள் பலர் முதல் பாடத்திலேயே தேவையில்லாத சுற்றுவழியில் போய்விடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது ஆங்கிலத்தில் பார்த்துப் பழகிய ரோமன் எழுத்துகள். அதனால் வாயும் தானாக ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. தக்காளிக்கான ஸ்பானியச் சொல்லைப் பார்த்தவுடன் 'டொமேட்' என்று வருகிறதே தவிர, 'தொமாத்தெ' என்று வருவதில்லை. ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாமல் தமிழிலிருந்து நேரே ஸ்பானியத்துக்குப் போனால் பாதி வேலை மிச்சம் என்பதுதான் நான் சொல்ல வருவது. நம் வாய்க்குப் பழகிய ஒலிகளும், வாசிக்கும்போது நாம் யோசிக்காமலே பின்பற்றும் விதிகளும் ஸ்பானியத்துக்கு வியக்கத்தக்க அளவில் ஒத்துவருகின்றன. சில இடங்களில் அதே தமிழ்ப் பழக்கம் காலை வாரிவிடும். அந்த இடங்களையும் பார்ப்போம்.

முதலில் தெம்பு தரும் செய்தி. ஆங்கிலத்தில் ஒரு புதிய சொல்லைப் பார்த்து அதன் உச்சரிப்பை உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்பானியத்தில் முடியும். விதிகளை ஒருமுறை கற்றுக்கொண்டால் பொருள் தெரியாத பக்கத்தைக்கூடப் பிழையின்றி உரக்க வாசித்துவிடலாம். இது தற்செயலாக அமைந்ததல்ல. 1492இல் ஸ்பானிய மொழிக்கு இலக்கணம் எழுதிய அந்தோனியோ தெ நெப்ரீஹ, பேசுவதுபோல் எழுத வேண்டும், எழுதியதுபோல் பேச வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தினார். 1713இல் தொடங்கப்பட்ட அரச ஸ்பானியக் கழகம், 18, 19ஆம் நூற்றாண்டுகளில் எழுத்துமுறையைப் பலமுறை திருத்தி அந்தக் கொள்கைக்கு அருகே கொண்டுவந்தது. மறுதிசையில், அதாவது காதால் கேட்டதை எழுதும்போது, சில குழப்பங்கள் உண்டு. வாசிப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

மொத்தம் 27 எழுத்துகள்: ஆங்கிலத்தில் இருக்கும் 26, கூடுதலாகத் தலையில் சிறு அலைக்கோடு போட்ட 'என்'. பழைய அகராதிகளைப் புரட்டினால் 'சி-ஹெச்' இணைக்கும் 'இரட்டை எல்'லுக்கும் தனிப் பகுதிகள் இருக்கும். நெடுங்காலம் அவற்றைத் தனி எழுத்துகளாகவே எண்ணினார்கள். 1994இல் அகராதி வரிசையிலிருந்தும், 2010இல் எழுத்துப் பட்டியலிலிருந்தும் அவை நீக்கப்பட்டன. அவற்றின் ஒலிகள் மட்டும் அப்படியே நீடிக்கின்றன.

இனி வரும் எடுத்துக்காட்டுகளை வாசிக்க ஒரு குறிப்பு. எழுத்துகளை நமக்குப் பழகிய ஆங்கிலப் பெயர்களால் சுட்டுகிறேன். உச்சரிப்பைத் தமிழில் தரும்போது அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும், மற்றவற்றைக் குறிலாகவும் எழுதுகிறேன். வீட்டுக்கான சொல் 'காஸ' என்று இருந்தால் 'கா' மீது அழுத்தம் என்று பொருள். ஸ்பானியத்தில் குறில், நெடில் என்ற வேறுபாடு கிடையாது. எல்லா உயிர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

ஐந்து உயிர்கள், இரண்டு பழக்கங்கள்

உயிரொலிகள் ஐந்தே: அ, எ, இ, ஒ, உ. எந்தச் சொல்லில் வந்தாலும் அவை மாறுவதில்லை. ஆங்கிலத்தில் 'ஏ' என்ற ஒரே எழுத்து பல விதமாக ஒலிப்பதைப் படித்துச் சலித்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இங்கே நாம் விடவேண்டிய பழக்கங்கள் இரண்டு உண்டு.

முதலாவது, சொல்லின் தொடக்கத்தில் வரும் எகரத்தோடு யகரத்தையும், ஒகரத்தோடு வகரத்தையும் நாம் ஒட்டிவிடுகிறோம். 'எட்டு' பேச்சில் 'யெட்டு' ஆகிறது. 'ஒன்று' என்பதன் முன்னால் மெல்லிய வகரம் வந்து நிற்கிறது. தமிழில் இதனால் பொருள் மாறாது. ஸ்பானியத்தில் மாறும். 'ஏஸொ' என்றால் 'அது'. 'யேஸொ' என்றால் சுவருக்குப் பூசும் ஜிப்சம் சாந்து. ஆகவே எகரத்தைத் தூய எகரமாகத் தொடங்கிப் பழக வேண்டும்.

இரண்டாவது, குற்றியலுகரம். 'பாட்டு', 'காடு' என்று சொல்லும்போது கடைசி உகரத்துக்கு நாம் உதடு குவிப்பதில்லை. ஸ்பானிய உகரத்துக்கு எப்போதும் உதடு குவிய வேண்டும். மெய்யில் முடியும் சொற்களோடு உகரம் சேர்ப்பதும் கூடாது. சூரியன் 'ஸோல்' தான்; 'ஸோலு' ஆகக் கூடாது.

வல்லினத்தின் இரட்டை வேடம்

நம்மிடம் உள்ள மிகப் பெரிய சொத்து இதுதான். ஸ்பானிய 'டி' எழுத்துகள் இரண்டும், அதாவது ஆங்கிலத்தில் 'டாக்', 'டைகர்' என்ற சொற்களைத் தொடங்கும் இரண்டும், டகரம் அல்ல. நாக்கு பல்லைத் தொடும் தகரம். பல மொழிக்காரர்கள் மாதக்கணக்கில் போராடும் இந்த ஒலி நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. மெக்சிகோவின் புகழ்பெற்ற உணவு 'தாக்கொ'. டகரத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னும் ஆழமான ஒற்றுமை ஒன்று உண்டு. தமிழில் ப, த, க ஆகிய எழுத்துகள் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறுகின்றன. 'அம்பு', 'வந்து', 'சங்கு' என மெல்லினத்தின் பின் வரும்போது அவை அதிர்ந்து அழுத்தமாக ஒலிக்கின்றன. 'சபை', 'பாதம்', 'பகை' என உயிர்களுக்கு நடுவே வரும்போது இளகுகின்றன. ஸ்பானியத்தின் 'பி' (ஆங்கிலத்தில் 'பஸ்' என்பதன் முதல் எழுத்து), 'டி' ('டாக்' என்பதன் முதல் எழுத்து), 'ஜி' எழுத்துகள் இதே விதிப்படி நடக்கின்றன. 'எங்கே' என்பதற்கான 'தோந்தெ' என்ற சொல்லில் இரண்டாவது தகரம் 'வந்து' என்பதில் உள்ள தகரம். 'ஒன்றுமில்லை' என்பதற்கான 'நாத' என்ற சொல்லில் வருவது 'பாதம்' என்பதில் உள்ள தகரம். ஆங்கிலம் மட்டும் தெரிந்த மாணவருக்கு இதை விளக்கப் பல பக்கங்கள் தேவைப்படும். தமிழருக்குத் தமிழ்போல வாசியுங்கள் என்று சொன்னால் போதும். ககரத்தில் மட்டும் சிறு எச்சரிக்கை: பேச்சில் 'மகன்' என்பதை ஹகரம் அளவுக்கு இளக்கிவிடுகிறோம், ஸ்பானியத்தில் அவ்வளவு தூரம் போகக் கூடாது.

ஆனால் தமிழ் எழுத்தில் இல்லாத ஒன்று ஸ்பானியத்தில் இருக்கிறது. 'பல்', 'பயம்' இரண்டிலும் முதல் எழுத்து ஒன்றே என்றாலும் ஒலி வேறு. 'தலை'யும் 'தானம்' என்பதும் அப்படித்தான். 'கல்'லும் 'கங்கை'யும் அப்படித்தான். இந்த இரண்டு ஒலிகளுக்கும் ஸ்பானியத்தில் தனித்தனி எழுத்துகள் உண்டு, பொருளும் வேறாகும். தலை என்பதன் தகரத்தோடு 'தீஅ' என்றால் அத்தை. தானம் என்பதன் தகரத்தோடு 'தீஅ' என்றால் நாள். காலை வணக்கத்தில் இதைத் தவறவிட்டால் 'நல்ல அத்தைகள்' என்று வாழ்த்தியதாகிவிடும்.

சொல்லின் நடுவிலும் கவனம் தேவை. தனித் தகரத்தைக் கண்டால் இளக்கிவிடுவது நம் இயல்பு. ஸ்பானியத்தில் 'தலை'யின் தகரம் எங்கே நின்றாலும் இளகாது. அதனால்தான் அதை நான் 'த்த' என்று இரட்டித்து எழுதுகிறேன்; ஆனால் நம் இரட்டைத் தகரம்போல நீட்டி நிறுத்த வேண்டாம். 'மோத்தொ' என்பது மோட்டார் சைக்கிள், 'மோதொ' என்பது விதம் அல்லது வழி. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுவது நல்ல பயிற்சி.

'பி', 'வி' என்ற எழுத்துகள் இரண்டுக்கும் ஒரே ஒலி. வகரம் என்று தனியாக எதுவும் இல்லை. பசுவுக்கான சொல் 'வி' எழுத்தில் தொடங்கினாலும் 'பயம்' என்பதன் பகரத்தோடு 'பாக்க' என்றே ஒலிக்கும். கியூபாவின் தலைநகரை நாம் ஆங்கிலத்தைப் பார்த்து ஹவானா என்கிறோம். ஸ்பானியத்தில் அதை 'பி' எழுத்தால் எழுதி 'லா அபான' என்கிறார்கள். ஒலி ஒன்றாக இருப்பதால், எந்த எழுத்தில் எழுதுவது என்ற சந்தேகம் ஸ்பானியக் குழந்தைகளுக்கும் உண்டு. நமக்கு லகர, ளகரச் சந்தேகம் வருவதுபோலத்தான்.

சின்ன ர, பெரிய ற

ஸ்பானியத்தின் கடினமான ஒலி எது என்று கேட்டால் உலகெங்கும் மாணவர்கள் 'ஆர்' என்பார்கள். இரு உயிர்களுக்கு நடுவே ஒற்றை 'ஆர்' வந்தால் நாக்கு ஒருமுறை மட்டும் மேலண்ணத்தைத் தட்டும். அது நம் இடையின ரகரம். இரட்டை 'ஆர்' வந்தால் நாக்கு பலமுறை அதிரும். பள்ளியில் வல்லின றகரத்தை அழுத்திச் சொல்லக் கற்றவர்களுக்கு, குறிப்பாகக் குமரி மாவட்டத்தில் ர, ற வேறுபாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இது புதிதல்ல. 'பேரொ' என்றால் 'ஆனால்'. 'பேறொ' என்றால் நாய். 'காரொ' என்றால் விலை அதிகம். 'காறொ' என்றால் லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் கார்.

சொல்லின் முதலில் வரும் 'ஆர்' ஒற்றையாக எழுதப்பட்டாலும் அதிரும். 'எல்', 'என்', 'எஸ்' எழுத்துகளுக்குப் பின்னால் வரும்போதும் அப்படித்தான். ரோஜாவுக்கான சொல்லை 'றோஸ' என்று நாக்கை உருட்டித் தொடங்க வேண்டும். அதிர்வு வராதவர்கள் நாக்கை வலிந்து அசைக்கக் கூடாது. நுனிநாக்கைப் பல்லுக்குச் சற்று மேலே தளர்வாக வைத்து மூச்சை வேகமாக விட்டால், அதிர்வைக் காற்றே உண்டாக்கும். தினமும் சிறிது நேரம் செய்தால் போதும். ஒரே நாளில் வர வேண்டும் என்று தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

ஞகரம் இருக்கும்போது எதற்கு 'நினோ'?

மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் நம் செய்தித்தாள்களில் 'எல் நினோ' என்ற பெயர் தவறாமல் வருகிறது. பெருவின் வடக்குக் கடற்கரை மீனவர்கள், கிறிஸ்துமஸ் காலத்தை ஒட்டி வந்த வெதுவெதுப்பான நீரோட்டத்துக்குக் குழந்தை இயேசுவின் நினைவாக வைத்த பெயர் அது. அதன் நடுவே இருப்பது அலைக்கோடு போட்ட 'என்'. ஒலி நம் ஞகரம். ஆகவே அது 'எல் நீஞொ'. அதன் தோழி 'லா நீஞ'. ஆங்கிலக்காரருக்கு இதற்கென ஓர் எழுத்து இல்லை, நமக்கு இருக்கிறது. இருந்தும் னகரம் போட்டு எழுதுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இந்த எழுத்து பிறந்த கதையும் எளியது. லத்தீன் சொற்களில் இரண்டு 'என்' அடுத்தடுத்து வந்த இடங்களில், இடத்தை மிச்சப்படுத்த ஒன்றின் தலையில் மற்றொன்றைச் சிறு கோடாக எழுதினார்கள் இடைக்காலப் படியெடுப்போர். அந்தக் கோடு நிலைத்துவிட்டது. இந்த எழுத்து இல்லாத கணினி விசைப்பலகைகளை விற்கத் தடை விதிக்கும் விதியை ஸ்பெயின் கைவிட வேண்டும் என்று 1991இல் ஐரோப்பியச் சமூகத்திலிருந்து நெருக்குதல் வந்தது. ஸ்பெயின் இணங்கவில்லை, 1993இல் தன் எழுத்தைக் காக்க அரசாணை பிறப்பித்தது. இன்று உலகெங்கும் ஸ்பானியம் கற்பிக்கும் செர்வாந்தெஸ் நிறுவனத்தின் சின்னமே இந்த எழுத்துதான். கோட்டை விட்டுவிட்டால் பொருளும் போய்விடும்: 'காஞ' நாணல், 'கான' நரைமுடி.

பீட்சாக் கடையில் ஒரு பாடம்

பீட்சாக் கடைப் பட்டியலில் 'ஜலபினோ' என்று ஒரு மிளகாயைப் பார்த்திருப்பீர்கள். ஒரே சொல்லில் இரண்டு பாடங்கள் அதில் இருக்கின்றன. ஞகரத்தைப் பார்த்துவிட்டோம். முதலில் உள்ள 'ஜே' ஸ்பானியத்தில் ஜகரம் அல்ல, தொண்டையிலிருந்து வரும் ஹகரம். எனவே 'ஹலப்பேஞொ'. கரீபியன் பகுதியில் இந்த ஹகரம் நம்முடையதுபோல மென்மையாக இருக்கும். ஸ்பெயினின் வட, நடுப் பகுதிகளில் காறுவதுபோலக் கரகரக்கும். மென்மையாகச் சொன்னாலே எல்லோருக்கும் புரியும்.

இந்த மிளகாயின் பெயர் மெக்சிகோவின் 'ஹலாப்ப' நகரத்திலிருந்து வந்தது. விந்தை என்னவென்றால், அந்த நகரத்தின் பெயரை இன்று 'எக்ஸ்' எழுத்தில் தொடங்கி எழுதுகிறார்கள். மெக்சிகோவும் அப்படித்தான்: எழுதுவது 'எக்ஸ்', சொல்வது 'மேஹிக்கொ'. பழைய ஸ்பானியத்தில் 'எக்ஸ்' எழுத்துக்கு ஷகர ஒலி இருந்தது. பின்னர் அந்த ஒலி தொண்டைக்கு நகர்ந்து ஹகரமாயிற்று. 1815இல் கழகம் அந்த ஒலியை 'ஜே', 'ஜி' எழுத்துகளிடம் ஒப்படைத்தது. மெக்சிகோ தன் பெயரின் பழைய எழுத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மற்றச் சொற்களில் 'எக்ஸ்' வந்தால் பெரும்பாலும் வழக்கமான 'க்ஸ்' ஒலிதான். நாம் அன்றாடம் கிள்ளிப்போடும் மிளகாயின் தாயகமும் அமெரிக்கக் கண்டம்தான். போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது.

அப்படியானால் 'ஹெச்'? அதற்கு ஒலியே இல்லை. வணக்கம் சொல்லும் சொல் 'ஓல', ஹோட்டல் 'ஒத்தேல்'. இந்த மௌன எழுத்தில் பல, ஒரு காலத்தில் லத்தீனின் 'எஃப்' ஒலியாக இருந்தவை. 'சி'யோடு சேர்ந்தால் மட்டும் சகர ஒலி தரும். நம் 'பச்சை' என்பதில் உள்ள ச்ச. ஸகரமாக இளக்கிவிடக் கூடாது.

சே கெபார

தமிழ்நாட்டில் சட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் பார்த்துப் பழகிய பெயர் சே குவேரா. அர்ஜென்டினாவில் பிறந்த அவரது குடும்பப் பெயரை ஸ்பானிய விதிப்படி வாசித்துப் பாருங்கள். 'ஜி' எழுத்துக்குப் பின் எகரமோ இகரமோ நேரடியாக வந்தால் ஹகர ஒலி. அங்கே 'கங்கை'யின் ககரம் வேண்டுமென்றால் நடுவில் ஒரு 'யூ' போட வேண்டும். அந்த 'யூ' வெறும் தடுப்பு, ஒலிக்காது. 'வி' பகரமாக ஒலிக்கும். ஆக அவர் 'கெபார'. கிட்டாரும் இதே விதிப்படி 'கித்தாற'. அந்த 'யூ' ஒலிக்க வேண்டுமானால் தலையில் இரண்டு புள்ளிகள் வைப்பார்கள். பென்குயின் 'பிங்குவீனொ' ஆவது அப்படித்தான். அகரத்தின் முன் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே 'குவ' என்றே ஒலிக்கும்.

'கியூ' எழுத்தும் ஒலிக்காத 'யூ'வோடுதான் வரும். மார்க்வெஸ் என்று நம் இதழ்கள் அச்சிடும் குடும்பப் பெயர் உண்மையில் 'மார்க்கெஸ்'. பாலாடைக்கட்டி 'கேஸொ'.

'சி' எழுத்து அ, ஒ, உ முன் ககரம். எ, இ முன் அதன் ஒலியும், 'இசட்' எழுத்தின் ஒலியும் நாட்டைப் பொறுத்தவை. லத்தீன் அமெரிக்கா முழுவதும் ஸகரம். ஸ்பெயினின் பெரும்பகுதியில் நுனிநாக்கைப் பற்களுக்கு நடுவே நீட்டிக் காற்றை விடும் ஒலி. ஆங்கிலத்தில் நன்றி சொல்லும் சொல்லின் முதல் ஒலி. ஸகரத்தைச் சரியாகச் சொல்ல வராத ஓர் அரசரைப் பார்த்து மக்கள் அப்படிப் பேசத் தொடங்கினார்கள் என்ற கதை பொய். ஸ்பெயின்காரர்களிடம் தெளிவான ஸகரமும் தனியாக இருக்கிறது. ஸ்பானியம் பேசுவோரில் பெரும்பாலோர் ஸகரத்தோடுதான் பேசுகிறார்கள். தொடங்குபவர் அதையே பிடித்துக்கொள்வது நல்லது என்பேன்.

'இரட்டை எல்' பெரும்பாலான இடங்களில் யகரம். தெரு 'காயெ', செவில்லா நகரம் 'ஸெபீய'. புவெனஸ் அயர்ஸில் அதே தெரு 'காஷெ' ஆகிவிடும். 'கே', 'டபிள்யூ' இரண்டும் கிலோ, விஸ்கி போன்ற வந்தேறிச் சொற்களுக்கு மட்டும். மற்ற எழுத்துகளைத் தயங்காமல் வாசிக்கலாம்.

அழுத்தம் எங்கே?

இந்த ஓர் இடத்தில் தமிழ் நமக்கு உதவாது. எந்த அசையை அழுத்தினாலும் தமிழ்ச் சொல்லின் பொருள் மாறாது என்பதால் நம் காது அதைக் கவனிப்பதில்லை. ஸ்பானியத்தில் 'ஆப்லொ' என்றால் நான் பேசுகிறேன். 'அப்லோ' என்றால் அவர் பேசினார்.

விதி சுருக்கமானது. உயிரிலோ 'என்', 'எஸ்' எழுத்திலோ முடியும் சொல்லுக்குக் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். இந்த விதியை மீறும் சொற்களில் அழுத்தம் விழும் உயிரின் மேல் சாய்கோடு ஒன்று போட்டுக் காட்டிவிடுவார்கள். நம் கட்டுமரம் ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானியத்துக்குப் போய் 'கத்தமரான்' ஆகியிருக்கிறது. 'என்' எழுத்தில் முடிந்தும் கடைசி அசை அழுத்தப்படுவதால் அங்கே சாய்கோடு உண்டு. பன்மையில் 'கத்தமரானெஸ்' ஆகும்போது அதே அசை கடைசிக்கு முந்தையதாகிவிடுகிறது. கோடு தேவையில்லாமல் போகிறது. இந்த ஒரு சொல்லின் ஒருமையையும் பன்மையையும் எழுதிப் பார்த்தாலே விதி மனதில் நின்றுவிடும்.

எழுத்துகளின் பெயர்களையும் கற்றுக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல அவைதான் உதவும். 'ஹெச்' ஆச்செ, 'ஜே' ஹோத்த, அலைக்கோட்டு 'என்' ஏஞெ, 'ஆர்' ஏறெ, 'எக்ஸ்' ஏக்கிஸ், 'இசட்' ஸேத்த. 'வி' ஸ்பெயினில் ஊபெ; லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் 'பி'யை நெட்டை பே என்றும் 'வி'யைக் குட்டை பே என்றும் பிரித்துச் சொல்கிறார்கள்.

இனி ஸ்பானிய மொழியில் அச்சான வரைபடம் ஒன்றை விரித்துவைத்து ஊர்ப் பெயர்களை உரக்க வாசியுங்கள். ஈக்வடாரின் தலைநகரில் 'கியூ'வுக்குப் பின்னால் வரும் 'யூ'வை விழுங்கிக் 'கீத்தொ' என்று சொல்லுங்கள். கொலம்பியாவில் சாய்கோட்டைப் பார்த்துப் 'பொகொத்தா' என்று கடைசியில் அழுத்துங்கள். பொலிவியாவின் 'கொச்சபாம்ப'வில் ச்ச இளகாமல் இருக்க வேண்டும். சிலியின் கடற்கரையில் 'பீஞ தெல் மார்' என்று ஞகரம் வரும். மெக்சிகோவின் 'குவதலஹார'வில் ஒலிக்கும் உகரம், இளகிய தகரம், ஹகரமாகும் 'ஜே', ஒருமுறை தட்டும் ரகரம் என எல்லாமே வரிசையாக வரும். அதை மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டிச் சொல்லிப் பாருங்கள்.